பெயரடைக்குப் பின்னால் நிற்கும் சிறு சொல்

ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலைப் புரட்டியவர்களுக்கு அந்தப் பக்கங்கள் நினைவிருக்கும். ‘டு’ ஏற்கும் சொற்கள் ஒரு பத்தி, ‘ஆஃப்’ ஏற்கும் சொற்கள் ஒரு பத்தி, ‘வித்’ ஏற்பவை இன்னொரு பத்தி. ‘அஃப்ரெய்ட்’ வந்தால் ‘ஆஃப்’, ‘ஆங்ரி’ வந்தால் ‘வித்’, ‘இன்ட்ரஸ்டட்’ வந்தால் ‘இன்’. ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு, அவர்கள் மொழியில் அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள் என்பதே வகுப்பறையில் கிடைக்கும் விடை. இந்த விடையை வைத்துக்கொண்டே பல தலைமுறைகள் ஆங்கிலம் கற்றுவிட்டன.

அந்தப் பட்டியல்களில் பொய் எதுவும் இல்லை. அவை அடுக்கப்பட்ட முறையில்தான் எனக்கு மறுப்பு. பெயரடைக்கும் அதைத் தொடரும் முன்னிடைச்சொல்லுக்கும், அதாவது பள்ளியில் ப்ரிப்பொசிஷன் என்று நாம் படித்த அந்தச் சிறு சொல்லுக்கும், உள்ள உறவு பொருளால் அமைந்ததா, வெறும் வழக்கத்தால் அமைந்ததா? ஆங்கில இலக்கண ஆய்வில் இது நெடுநாள் கேள்வி. இதுவரை நடந்த வேலைகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பகுதி பொருளால் அமைந்தது, ஒரு சிறுபகுதி மட்டுமே வரலாறு விட்டுச்சென்ற மிச்சம் என்று தோன்றுகிறது. நாமோ அந்தச் சிறுபகுதிக்கு உரிய மனப்பாட முறையை முழுவதற்கும் விரித்து, பிள்ளைகளை வீணாக வருத்திக்கொண்டிருக்கிறோம்.

‘குட்’ என்ற எளிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘ஷி இஸ் குட் அட் செஸ்’ என்றால் அவளுக்குச் சதுரங்கம் நன்றாக வரும். ‘மில்க் இஸ் குட் ஃபார் சில்ரன்’ என்றால் பால் குழந்தைகளுக்கு நல்லது. ‘ஷி வாஸ் குட் டு மீ’ என்றால் என்னிடம் அன்பாக நடந்துகொண்டாள். ‘ஷி இஸ் குட் வித் சில்ரன்’ என்றால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்குவம் அவளுக்கு உண்டு. ‘இட் வாஸ் குட் ஆஃப் யூ டு கம்’ என்றால், வந்தது உங்கள் பெருந்தன்மை. பெயரடை ஒன்றுதான், பின்னால் வரும் சிறு சொல் மாற மாற ஐந்து வேறு செய்திகள் கிடைக்கின்றன. ‘குட்’ எந்த முன்னிடைச்சொல்லை ஏற்கும் என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. அந்த நல்ல தன்மையோடு சேர்த்துச் சொல்லப்படும் இரண்டாவது பொருள் எது? திறமை காட்டும் துறையா, பயன்பெறும் ஆளா, அன்பைப் பெற்றவரா, கையாளப்படுபவரா, அந்தக் குணத்துக்கு உரியவரா? அது தெரிந்துவிட்டால் முன்னிடைச்சொல்லும் தெரிந்துவிடும்.

இந்த ஐந்தும் ‘குட்’டோடு நின்றுவிடவில்லை. திறமையைச் சொல்லும் பெயரடைகள் பெரும்பாலும் ‘அட்’டைத்தான் நாடுகின்றன: ‘பேட் அட்’, ‘டெரிபிள் அட்’, ‘ஹோப்லெஸ் அட்’, ‘பிரில்லியன்ட் அட்’. ஒருவர் செய்த செயலை வைத்து அவர் குணத்தை மதிப்பிடும் பெயரடைகள் எல்லாம் ‘ஆஃப்’ பக்கம் நிற்கின்றன: ‘கைண்ட் ஆஃப் யூ’, ‘நைஸ் ஆஃப் ஹர்’, ‘சில்லி ஆஃப் மீ’, ‘ரூட் ஆஃப் ஹிம்’. புழக்கத்துக்குப் புதிதாக வரும் பெயரடையும் தானாகவே இந்த வரிசையில் சேர்ந்துகொள்கிறது. இளைஞர் வாயில் ‘ஆசம்’ என்பது திறமையைக் குறிக்கும் சொல்லானபோது, அதற்குப் பின்னால் ‘அட்’ போட வேண்டும் என்று யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. சொல்லுக்குச் சொல் தனித்தனியே நினைவில் வைக்கும் ஏற்பாடாக இது இருந்தால் அப்படி நடந்திருக்க வழியில்லை.

இதை முறையாகத் தொகுத்தவர்கள் பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தொடங்கிய கோபில்ட் திட்டத்தார். அன்றாடப் பேச்சையும் எழுத்தையும் கணினியில் பெருந்திரளாகச் சேர்த்து, சொற்கள் உண்மையில் எந்தத் துணையோடு வருகின்றன என்று பார்த்து 1987-இல் அகராதி வெளியிட்டார்கள். அந்த வழியில் கில் பிரான்சிஸ், சூசன் ஹன்ஸ்டன், எலிசபெத் மேனிங் மூவரும் 1998-இல் கொண்டுவந்த நூல் பெயர்ச்சொற்களுக்கும் பெயரடைகளுக்கும் உரியது. ‘அபவுட்’ வரும் பெயரடைகள், ‘அட்’ வரும் பெயரடைகள் என்று அவர்களும் முன்னிடைச்சொல்லை வைத்தே பிரிக்கிறார்கள். ஆனால் அதோடு நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் பொருளை வைத்துச் சிறு சிறு குழுக்களாக அடுக்குகிறார்கள். ஒரே அமைப்பில் வரும் சொற்கள் பொருளிலும் நெருங்கியிருக்கின்றன என்பது அந்த நூல் பக்கத்துக்குப் பக்கம் காட்டும் உண்மை. நம் பள்ளி நூல்களில் விடுபட்டுப்போனது இந்த இரண்டாவது அடுக்குதான்.

ஒரே பெயரடை இரண்டு முன்னிடைச்சொற்களோடு வரும் இடங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ‘அஃப்ரெய்ட் ஆஃப் த டாக்’ என்றால் நாயைக் கண்டு பயம். ‘அஃப்ரெய்ட் ஃபார் த சைல்ட்’ என்றால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். ‘டயர்ட் ஃப்ரம்’ உடம்பின் களைப்பு, ‘டயர்ட் ஆஃப்’ மனத்தின் சலிப்பு. ‘ரெஸ்பான்ஸிபிள் டு’ என்பதற்குப் பிறகு வருபவர் நாம் பதில் சொல்லவேண்டிய மேலதிகாரி. ‘ரெஸ்பான்ஸிபிள் ஃபார்’ என்பதற்குப் பிறகு வருவது நம் பொறுப்பில் உள்ள வேலை. ‘பிளைண்ட் இன் ஒன் ஐ’ என்றால் ஒரு கண்ணில் பார்வை இல்லை. ‘பிளைண்ட் டு ஹிஸ் ஃபால்ட்ஸ்’ என்றால் அவன் குறைகள் இவர் கண்ணில் படுவதே இல்லை. எல்லாவற்றையும்விட நேர்த்தியானது ‘ஃபெமிலியர்’. ‘ஐ அம் ஃபெமிலியர் வித் திஸ் ஸ்ட்ரீட்’ என்கிறோம். ‘திஸ் ஸ்ட்ரீட் இஸ் ஃபெமிலியர் டு மீ’ என்றும் சொல்கிறோம். செய்தி ஏறத்தாழ ஒன்றே. அறிபவர் எழுவாயானால் ‘வித்’, அறியப்படுவது எழுவாயானால் ‘டு’. இந்த முறையைப் புரிந்துகொண்ட மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவே மாட்டார். பட்டியலில் ‘ஃபெமிலியர் வித்’ என்று ஒரு பக்கமும் ‘ஃபெமிலியர் டு’ என்று இன்னொரு பக்கமும் படித்தவரோ வாழ்நாள் முழுக்கத் தடுமாறுவார்.

தமிழ் பேசுவோர் ஆங்கிலத்தில் எங்கே இடறுகிறோம் என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. ‘மை ஃபாதர் இஸ் ஆங்ரி ஆன் மீ’ என்று ஒரு மாணவி எழுதுகிறாள். சிவப்பு மையால் ‘ஆன்’ அடிக்கப்பட்டு ‘வித்’ ஆகிறது. அவள் அப்படி எழுதியதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று. ‘அப்பாவுக்கு என் மேல் கோபம்’ என்ற வாக்கியம் அவள் மனத்தில் முழுமையாக இருக்கிறது. தமிழில் கோபம் ஒருவர் ‘மேல்’ இருக்கும். பொறாமையும் மேல்தான், சந்தேகமும் மேல்தான், பாசமும் அக்கறையும் ஆசையும் மேல்தான். ஒருவரை நோக்கிச் செல்லும் உணர்ச்சிகள் பெரும்பாலும் நமக்கு இந்த ஒரே வழியில் செல்கின்றன. ஆங்கிலம் அவற்றைப் பல வழிகளில் பிரித்து அனுப்புகிறது: ‘ஆங்ரி வித்’, ‘ஜெலஸ் ஆஃப்’, ‘சஸ்பிஷஸ் ஆஃப்’, ‘ஃபாண்ட் ஆஃப்’, ‘கன்ஸர்ண்ட் அபவுட்’. அந்த மாணவியின் ‘ஆன்’ மிக ஒழுங்கான ஒரு சிந்தனையின் விளைவு. ஒழுங்கு மட்டும் இன்னொரு மொழிக்குரியது. இந்தியிலும் கோபம் ‘பர்’, அதாவது ‘மேல்’ என்றே வருவதால், ‘ஆங்ரி ஆன்’ நாடு முழுவதும் கேட்கும் தொடராகிவிட்டது.

இன்னும் ஆழமான வேறுபாடு ஒன்றும் உண்டு. ஆங்கிலம் ஆளை எழுவாயாக வைத்து, உணர்ச்சியைப் பெயரடையாக அவர்மேல் ஏற்றுகிறது. தமிழ் உணர்ச்சியைப் பெயர்ச்சொல்லாக நிறுத்தி, ஆளுக்கு நான்காம் வேற்றுமை தருகிறது: எனக்குப் பயம், அவளுக்குப் பெருமை, தம்பிக்குச் சலிப்பு. ஆகவே ஆங்கிலப் பெயரடைத் தொடரைத் தமிழர் கற்கும்போது சிறு சொல் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டால் போதாது. வாக்கியத்தின் அமைப்பையே மாற்றவேண்டியிருக்கிறது. இதை வகுப்பில் ஒருமுறை எடுத்துச்சொன்னால், பத்துப் பட்டியல்கள் தராத தெளிவு கிடைக்கும். இரு மொழியும் ஒத்துப்போகும் இடங்களில் பிழையே வருவதில்லை என்பதையும் காட்டலாம். ‘இசையில் ஆர்வம்’ என்று நினைப்பவர் ‘இன்ட்ரஸ்டட் இன் மியூசிக்’ என்று சரியாகவே சொல்லிவிடுகிறார். அதே ‘இல்’தான் ‘கணக்கில் கெட்டிக்காரி’ என்பதை ‘குட் இன் மேத்ஸ்’ ஆக்குகிறது. அதுவும் முழுக்கப் பொருந்தாத தொடர் அன்று. ‘வீக் இன் மேத்ஸ்’ என்பதை ஆங்கிலேயரும் சொல்வார்கள்; ‘குட் இன் எ கிரைசிஸ்’ என்றால் நெருக்கடி நேரத்தில் கைகொடுப்பவர். சூழலைச் சொல்ல ‘இன்’, திறமையைச் சொல்ல ‘அட்’ என்ற பிரிவு மட்டுமே நமக்குப் பழகவேண்டியது.

சரி, முன்னிடைச்சொற்களுக்கு இந்தப் பொறுப்பு எப்படி வந்தது? ஆங்கிலத்துக்கும் ஒருகாலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. ஏறத்தாழ 11-ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பெயரடையே தன்னோடு வரும் பெயர் எந்த வேற்றுமையில் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தது. ‘நிறைந்த’, ‘குற்றமுள்ள’, ‘தகுதியுள்ள’, ‘நினைவிலுள்ள’ என்ற பொருள் தரும் பெயரடைகள் ஆறாம் வேற்றுமைக்கு ஈடான உருபைக் கேட்டன. ‘அன்பான’, ‘ஒத்த’, ‘அருகிலுள்ள’ என்பவை நான்காம் வேற்றுமைக்கு ஈடானதைக் கேட்டன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்ததற்கு முன்பே தேயத் தொடங்கிய இந்த உருபுகள், அடுத்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் மறைந்தன. அவை விட்ட இடத்தில் முன்னிடைச்சொற்கள் வந்து அமர்ந்தன. ஆறாம் வேற்றுமை கேட்டவை ‘ஆஃப்’ பெற்றன: ‘ஃபுல் ஆஃப்’, ‘கில்டி ஆஃப்’, ‘வொர்த்தி ஆஃப்’, ‘மைண்ட்ஃபுல் ஆஃப்’. நான்காம் வேற்றுமை கேட்டவை ‘டு’ பெற்றன: ‘டியர் டு’. நார்மானியரோடு வந்த பிரெஞ்சுச் சொற்கள் இந்தப் போக்கை மேலும் வலுப்படுத்தின. பிரெஞ்சில் ‘த’ என்ற முன்னிடைச்சொல்லோடு வந்த ‘கேப்பபிள்’, ‘ஜெலஸ்’ போன்றவை ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ ஏற்றன. எனவே இன்று நாம் மனப்பாடம் செய்யும் தொடர்களில் பல, கரைந்துபோன வேற்றுமை உருபுகளின் வேறு வடிவங்கள். தொல்காப்பியர் வேற்றுமைக்கென்றே ஓர் இயலும், ஓர் உருபின் இடத்தில் இன்னொன்று வந்து மயங்குவதற்கென்றே தனியாக ஓர் இயலும் வகுத்த மொழி நம்முடையது. அந்த மரபில் வந்த மாணவருக்கு இதை விளக்குவது எளிது. ஆனாலும் ஆங்கில வகுப்பில் யாரும் விளக்குவதில்லை என்பது என் ஆதங்கம்.

சில சொற்கள் இந்த மாற்றத்திலிருந்து தப்பின. ‘வொர்த்’ என்பதற்குப் பிறகு முன்னிடைச்சொல் இல்லாமல் நேரடியாகப் பெயர் வருகிறது: ‘வொர்த் டென் பவுண்ட்ஸ்’. ‘லைக்’, ‘நியர்’ இரண்டும் அப்படியே. இவை பெயரடைகளா, முன்னிடைச்சொற்களா என்று இன்றும் இலக்கணிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் 2002-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம் ‘வொர்த்’தைப் பெயரடை என்கிறது, அகராதிகள் பல அதை முன்னிடைச்சொல் என்று குறிக்கின்றன. பழைய வேற்றுமை ஆட்சியின் தடம் அதில் இருப்பதால் நான் கேம்பிரிட்ஜ் பக்கம் சாய்கிறேன்.

‘ஆஃப்’ என்ற சொல்லின் வரலாறு இன்னொரு புதிரையும் அவிழ்க்கிறது. ‘டிபென்டென்ட் ஆன்’ என்றால் சார்ந்திருப்பது. எதிர்மறையாக்கினால் ‘இன்டிபென்டென்ட் ஆஃப்’ என்று முன்னிடைச்சொல்லும் மாறிவிடுகிறது. ஏன்? இன்று ஒரு எஃப், இரண்டு எஃப் என்று எழுத்தில் பிரிந்து நிற்கும் சொற்கள் இரண்டும் முதலில் ஒரே சொல். அதன் பொருள் ‘விலகி’, ‘அப்பால்’ என்பது. உடைமைப் பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. விலகலைச் சொல்லும் பெயரடைகள் அந்தப் பழைய பொருளையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன: ‘ஃப்ரீ ஆஃப்’, ‘கிளியர் ஆஃப்’, ‘டிவாய்ட் ஆஃப்’, ‘இன்டிபென்டென்ட் ஆஃப்’. இதே ‘ஆஃப்’ ‘ஃபுல்’லோடு சேரும்போது நிறைவைச் சொல்கிறது, ‘டிவாய்ட்’டோடு சேரும்போது இன்மையைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்?

லத்தீன் வழிவந்த ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுபீரியர்’, ‘இன்ஃபீரியர்’ நான்கும் தனிக் குடும்பம். லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவம் பெற்றுவந்தவை இவை. ஆங்கிலத்தில் ‘தேன்’ சேர்க்காமல் ‘டு’ சேர்க்கவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பொருள் காட்டும் வழி எல்லா இடத்துக்கும் செல்லுமா என்றால், செல்லாது. ‘ஃபாண்ட் ஆஃப்’ ஓர் உதாரணம். ‘ஃபாண்ட்’ என்றால் முதலில் ‘அசடான’ என்று பொருள். ஒன்றின்மேல் பித்தாக இருப்பது என்றாகி, பிறகு பிரியம் என்ற அளவில் தணிந்தது. அந்த வரலாறு தெரியாத இன்றைய பேச்சாளருக்கு ‘ஆஃப்’ வருவதற்குக் காரணம் ஏதும் கண்ணில் படாது. ‘கீன் ஆன்’ என்பதும் அப்படியே. ஒரே விருப்பத்தைச் சொல்லும் இரண்டு சொற்களில் ஒன்று ‘ஆஃப்’ கேட்கிறது, ஒன்று ‘ஆன்’ கேட்கிறது. சேத் லின்ட்ஸ்ட்ராம்பெர்க் 1998-இல் எழுதிய நூலைப் போல, ஒவ்வொரு முன்னிடைச்சொல்லுக்கும் அடிப்படையில் இடம் சார்ந்த ஒரு சித்திரம் உண்டு, அதிலிருந்து மற்றப் பொருள்கள் கிளைக்கின்றன என்று விளக்குவோர் இருக்கிறார்கள். ‘ஆங்ரி அட்’ என்பதில் குறிவைக்கும் ‘அட்’டையும் ‘டிபென்டென்ட் ஆன்’ என்பதில் தாங்கும் ‘ஆன்’னையும் அப்படிக் காண்பது மாணவருக்கு உதவும். ஆனால் ‘கீன் ஆன்’ வரை அதை இழுத்தால் விளக்கம் பின்னால் கட்டிய கதையாகிவிடுகிறது. இப்படிப்பட்ட சொற்களை நெட்டுருப் போடவேண்டியதுதான். அவை எண்ணிக்கையில் குறைவு என்பதே ஆறுதல்.

அமைப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். தனிப் பெயரடை ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும்: ‘எ ப்ரவுட் ஃபாதர்’. முன்னிடைத் தொடரைச் சேர்த்துக்கொண்டால் பெயருக்குப் பின்னால் போய்விடும்: ‘எ ஃபாதர் ப்ரவுட் ஆஃப் ஹிஸ் சன்’. தமிழில் எவ்வளவு நீளமான அடையானாலும் முன்னால்தான்: மகனை நினைத்துப் பெருமைப்படும் தந்தை. மொழிபெயர்ப்பவர்கள் திணறும் இடம் இது. சில பெயரடைகள் மட்டும் உடைந்து இரு பக்கமும் நிற்கும்: ‘எ சிமிலர் ஹவுஸ் டு அவர்ஸ்’. வேறு சில, துணையில்லாமல் நிற்கவே நிற்காது; ‘ஷி இஸ் ஃபாண்ட்’ என்று யாரும் முடிப்பதில்லை, ‘ஷி இஸ் அஃப்ரெய்ட்’ என்று முடிக்கலாம். முன்னிடைச்சொல்லுக்குப் பிறகு வினை வந்தால் ‘இங்’ சேரும்: ‘டயர்ட் ஆஃப் வெய்ட்டிங்’. பின்னால் முழு வாக்கியமே வந்தால் முன்னிடைச்சொல் மறைந்துவிடும்: ‘அவேர் ஆஃப் த டேஞ்சர்’, ஆனால் ‘அவேர் தட் இட் இஸ் டேஞ்சரஸ்’. ‘டூ பிக் ஃபார் த ரூம்’ என்பதில் ‘ஃபார்’ வருவது ‘பிக்’ கேட்டதால் அன்று, முன்னால் நிற்கும் ‘டூ’ கேட்டதால். இந்த நுட்பங்களையெல்லாம் ராண்டால்ஃப் குவர்க்கும் மூன்று தோழர்களும் 1985-இல் வெளியிட்ட பேரிலக்கணம், வினைகளையும் பெயரடைகளையும் ஒரே அதிகாரத்தில் வைத்துப் பேசுகிறது. பெயரடையும் வினையைப் போலவே தனக்கு வேண்டிய துணையைத் தானே கேட்டுப் பெறும் என்ற பார்வை அதில் இருக்கிறது.

கற்பவர் தேவையை முதலில் உணர்ந்தவர் என்று நான் மதிப்பது ஏ. எஸ். ஹார்ன்பியை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், தோழர்களோடு சேர்ந்து டோக்கியோவில் 1942-இல் வெளியிட்ட அகராதிதான் பின்னர் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி, நம் நாட்டு நூலகங்கள்வரை வந்தது. சொல்லின் பொருளோடு அது வாக்கியத்தில் அமையும் முறையையும் அகராதி சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. அதன் தொடர்ச்சியாக 1986-இல் மார்ட்டன் பென்சன், எவலின் பென்சன், ராபர்ட் இல்சன் மூவரும் சொற்சேர்க்கைக்கென்றே தனி அகராதி கொண்டுவந்தார்கள். பெயரடையும் முன்னிடைச்சொல்லும் சேர்வது அதில் ஒரு தனி வகை. ‘ஹேப்பி வித் த ஹவுஸ்’ என்பதில் ‘வித்’ பெயரடையோடு பிணைந்தது. ‘ஹேப்பி இன் த கார்டன்’ என்பதில் ‘இன்’ வெறும் இடத்தைச் சொல்வது. முதல் வகைக்கே அகராதியில் இடம் வேண்டும் என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

சரி, தவறு என்ற பழைய சண்டைகளில் ஒன்று ‘டிஃபரன்ட்’ பற்றியது. ‘ஃப்ரம்’ மட்டுமே சரி என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ‘டிஃபர் ஃப்ரம்’ என்பதுதானே வினை என்பது வாதம். 1926-இல் ஃபவுலர் தம் வழக்கு அகராதியில், ‘டு’ கூடாது என்பதை மூடநம்பிக்கை என்றே ஒதுக்கினார். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. உறவுள்ள வினையோ பெயரோ ஏற்பதையே பெயரடையும் ஏற்கவேண்டும் என்றால் ‘ஃபில் வித்’ இருக்கும்போது ‘ஃபுல் ஆஃப்’ எப்படி வந்தது? ‘ப்ரைட் இன்’ இருக்கும்போது ‘ப்ரவுட் ஆஃப்’ எப்படி வந்தது? இன்று ‘ஃப்ரம்’ எங்கும் செல்லும். ‘டு’ பிரிட்டனில் அதிகம், ‘தேன்’ அமெரிக்காவில் அதிகம். ‘டிஃபரன்ட் தேன் ஐ எக்ஸ்பெக்டட்’ என்று பின்னால் வாக்கியம் வரும்போது ‘தேன்’ சுருக்கமாகவும் இருக்கிறது. நம் ஊர்த் தேர்வுகளில் ‘ஃப்ரம்’ எழுதுவதே பாதுகாப்பு. ஆனால் ‘டு’ எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் மறுப்பதற்கு இலக்கணத்தில் ஆதாரம் இல்லை.

இன்று நம் கண்முன்னே நடக்கும் மாற்றம் ‘போர்ட் ஆஃப்’. பழைய வழக்கு ‘போர்ட் வித்’, ‘போர்ட் பை’. சலிப்பைச் சொல்லும் ‘டயர்ட் ஆஃப்’, ‘சிக் ஆஃப்’, ‘வியரி ஆஃப்’ ஆகியவற்றின் அருகில் வாழும் சொல் அவற்றின் வழியில் திரும்புவது இயல்பே. இளையவர் பேச்சில் அது வேரூன்றிவிட்டது; வேலைக்கான விண்ணப்பத்தில் மட்டும் ‘வித்’ எழுதச் சொல்வேன். ‘எக்ஸைட்டட் ஃபார்’ அப்படி எளிதில் தீர்வதில்லை. பயணத்தை எதிர்பார்த்து மகிழ்வதை ‘எக்ஸைட்டட் அபவுட் த ட்ரிப்’ என்றும், தங்கைக்குக் கிடைத்த நல்லதை எண்ணி மகிழ்வதை ‘எக்ஸைட்டட் ஃபார் மை சிஸ்டர்’ என்றும் பிரித்துச் சொல்லும் வசதி ஆங்கிலத்துக்கு இருந்தது. அமெரிக்க இளைஞர்கள் முதலாவதற்கும் ‘ஃபார்’ போடத் தொடங்கிவிட்டார்கள். இனி ‘எக்ஸைட்டட் ஃபார் மை சிஸ்டர்ஸ் வெட்டிங்’ என்று ஒருவர் சொன்னால், அவர் கல்யாணத்துக்குப் போகும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறார் என்றே எடுத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. தங்கைக்காக மகிழ்கிறார் என்று சொல்ல வேறு தொடரைத் தேடவேண்டும். ‘ஹேப்பி ஃபார் ஹர்’ இப்போதைக்கு அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.